செட்டிநாட்டில் சைக்கிள் மிதிக்க: புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடியிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் 5, 6 கிலோமீட்டருக்குள் அடுத்த ஊர் வந்துவிடும். நிதானமாக மிதித்தால் 25 நிமிடம். ஊர் தொடங்கும் இடத்திலேயே ஊரணி தெரியும். பக்கத்தில் கோயில், எதிரே டீக்கடை, அதற்குப் பின்னால் நூல் பிடித்தது போன்ற நேரான தெருக்கள். "மலை இல்லை, கடல் இல்லை, அங்கே ஓட்ட என்ன இருக்கிறது?" என்று வெளியூர் நண்பர்கள் கேட்கும்போது நான் இதைத்தான் சொல்வேன். ஒரு வட்டாரம் சைக்கிளுக்கு ஏற்றதா என்று பார்க்க எனக்கு ஒரே அளவுகோல்தான்: அரை மணிக்கு ஒருமுறை இறங்கி நிற்க நல்ல காரணம் கிடைக்கிறதா? செட்டிநாட்டில் தார்ச்சாலையிலும் கிடைக்கிறது, செம்மண் பாதையிலும் கிடைக்கிறது. அந்தக் காரணங்களைத் தவறவிடாமல் எப்படி ஓட்டுவது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிவகங்கை மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியும் புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியும் சேர்ந்ததுதான் செட்டிநாடு. நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்கள் 70க்கு மேல் இருக்கின்றன. நிலம் பார்வைக்குச் சமதளம். ஆனால் வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, வங்கக் கடலை நோக்கி, மெல்லச் சரிகிறது. மணிமுத்தாறும் பாம்பாறும் அந்தப் போக்கில்தான் ஓடுகின்றன. ஒரு கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர் இறங்குவதும் இந்தச் சரிவால்தான். சைக்கிள்காரருக்கு இதில் ஒரு பயன் உண்டு. காலையில் தெம்பாக இருக்கும்போது வடமேற்காகப் போய், வெயில் ஏறும் நேரத்தில் தென்கிழக்காகத் திரும்பினால், கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவு காலுக்குத் தெரியும்.

மண் செம்மண். அடியில் செம்பூராங்கல். மழை நின்றால் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், அதனால் இங்கே மண்பாதைகள் ஆண்டில் பல மாதங்கள் ஓட்டத் தகுந்தவை. கண்மாய் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பக்கத்தில், இருக்கும் களிமண் அப்படியில்லை. ஈரமாக இருந்தால் பத்தடிக்குள் சக்கரத்தை மூடிக்கொள்ளும். செம்மண்ணில் போங்கள், களியில் இறங்காதீர்கள்.

எப்போது வருவது

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி முடிய. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, கண்மாய்களில் தண்ணீர் நின்று, வயல் பச்சையாக இருக்கும் காலம் அது. மார்ச்சில் பத்து மணிக்கே வெயில் உறைக்கத் தொடங்கும். ஏப்ரல், மே மாதங்களில் வந்தே ஆக வேண்டும் என்றால் காலை ஐந்தரைக்குக் கிளம்பி எட்டரைக்குள் முடித்துவிடுங்கள்.

ஆடி மாதக் காற்றைக் குறைத்து எடைபோட வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் அந்தக் காற்றை எதிர்த்து 10 கி.மீ. போவது சாதாரண நாளில் 20 கி.மீ. போவதற்குச் சமம். அந்த மாதத்தில் காற்று எழும்பாத விடியற்காலையிலேயே மேற்கே பிள்ளையார்பட்டிப் பக்கம் போய்விடுங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

தை மாதத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். தைப்பூசத்தை ஒட்டி நகரத்தார் காவடிகளும் பாதயாத்திரைக் கூட்டமும் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும். அந்த நாட்களில் திருப்பத்தூர், சிங்கம்புணரிச் சாலையில் வேகத்தைக் குறைத்து, நடப்பவர்களுக்கு வழிவிட்டுப் போங்கள். பொங்கலை ஒட்டி மஞ்சுவிரட்டு நடக்கும் ஊர்களின் பக்கம் அன்றைக்குச் சைக்கிளோடு போகவே வேண்டாம். சிறுவயல் மஞ்சுவிரட்டு பெயர் பெற்றது. காளைகள் திடலுக்குள்ளேயே நிற்பதில்லை, அக்கம்பக்கத்து வயலும் சாலையும் அவற்றுக்கு ஒன்றுதான்.

சைக்கிளும் டயரும்

இங்கே ஓட்ட விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. டயர் சரியாக இருந்தால் போதும். 25 மி.மீ. ரோடு டயரில் முக்கியச் சாலைகளில் பறக்கலாம், ஆனால் கிளைச்சாலைக்குள் நுழைந்ததும் பள்ளமும் சரளையும் உங்களைத் திருப்பி அனுப்பிவிடும். 32 மி.மீ. இருந்தால் ஊர்ச்சாலைகள் எல்லாம் உங்களுடையவை. 38, 40 மி.மீ. இருந்தால் கண்மாய்க் கரையும் வண்டிப்பாதையும் சேர்ந்துவிடும். எம்.டி.பி. எனும் மலைப்பாதை சைக்கிள் வைத்திருப்பவர்கள் தாராளமாகக் கொண்டு வரலாம், ஆனால் முன்பக்க சஸ்பென்ஷனுக்கு இங்கே பெரிய வேலை இல்லை.

காற்று அளவு: 70 கிலோ எடையுள்ளவர் 32 மி.மீ. டயரில் தார்ச்சாலைக்கு 65 பி.எஸ்.ஐ. வைத்தால் போதும். 40 மி.மீ. டயரில் தார்ச்சாலைக்கு 45, செம்மண்ணுக்கு 35. காற்று கொஞ்சம் குறைந்தால் டயர் சரளையின் மேல் படிந்து உருளும், குலுக்கல் குறையும், வளைவில் வழுக்காது. மிகவும் குறைத்தால் செம்பூராங்கல் விளிம்பில் மோதும்போது டியூப் ரிம்மில் நசுங்கிக் கிழியும்.

அப்புறம், பஞ்சர்க் கடை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கொடுக்கிறார்கள் அல்லவா, அதனாலேயே சின்ன ஊரில்கூடப் பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர் இருப்பார். ஆனால் அவரிடம் 700 அளவு டியூப் இருக்காது, பிரெஸ்டா எனும் மெல்லிய வால்வுக்குப் பொருந்தும் பம்ப்பும் இருக்காது. இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், கைப்பம்ப், ஒரு பித்தளை அடாப்டர், இவ்வளவும் உங்கள் பையில் இருக்கட்டும். கம்ப்ரசரில் காற்று அடித்தால் பக்கத்திலேயே நின்று, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கச் சொல்லுங்கள். அது லாரி டயருக்கும் காற்று அடிக்கும் கருவி.

முள்

இதற்குத் தனியாகவே எழுத வேண்டும். செட்டிநாட்டு மண்பாதையில் உங்களுக்கு வரும் தொல்லையில் முக்கால்வாசி சீமைக்கருவேல முள்தான். நிற்கும் மரத்தால் ஆபத்து குறைவு. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் வெட்டி இழுத்துப் போன வழியெல்லாம் கிளைத் துண்டுகள் சிதறிக் கிடக்கும். அவை செம்மண் நிறத்தோடு நிறமாகக் கலந்துவிடும். ஒரு மாசி மாதம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில் இப்படித்தான் ஒரே ஓட்டத்தில் இரண்டு சக்கரமும் இறங்கின. மாற்று டியூப் ஒன்றுதான் வைத்திருந்தேன். அதைப் போட்டேன், 200 மீட்டர் போவதற்குள் அதுவும் போயிற்று. உச்சி வெயிலில் 4 கி.மீ. உருட்டிக்கொண்டு ஊருக்குள் வந்தபோது ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து ஆச்சி ஒருவர் கூப்பிட்டார்.

"இந்த வெயில்ல எங்கப்பா உருட்டிக்கிட்டுப் போற? திண்ணையில உக்காரு, மோர் கொண்டாரேன்."

"இல்லை ஆச்சி, பஞ்சர் கடை எங்கிட்டு இருக்குன்னு சொன்னாப் போதும்."

"கடை எங்கயும் ஓடிப்போயிராது. முதல்ல மோரைக் குடி."

பெரிய சொம்பு நிறைய மோர், உப்பும் கறிவேப்பிலையும் போட்டது. பேரன் டி.வி.எஸ். 50-ல் சக்கரங்களை எடுத்துக்கொண்டு என்னைக் கடையில் விட்டான். அங்கே கடைக்காரர் சொல்லிக்கொடுத்ததைத்தான் இன்றுவரை செய்கிறேன். டியூபை மாற்றுவதற்கு முன், டயரின் உட்புறத்தில் ஒரு துண்டுப் பஞ்சை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே ஒரு சுற்று வர வேண்டும். முள் நுனி எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறதோ அங்கே பஞ்சு இழை மாட்டிக்கொள்ளும். விரலால் தேடினால் விரல்தான் கிழியும், நுனி அகப்படாது. அதை எடுக்காமல் புது டியூப் போட்டதுதான் அன்றைக்கு நான் செய்த தவறு.

முள்ளைச் சமாளிக்க நான் சொல்லும் வரிசை இது. மண்பாதையை விட்டுத் தார்ச்சாலை ஏறியதும் நின்று, இரண்டு டயரையும் சுற்றிப் பாருங்கள், நெருஞ்சியோ கருவேல முள்ளோ குத்தியிருந்தால் அந்த நேரத்திலேயே தெரியும். டியூப் உள்ள டயர் என்றால், காற்று இறங்காதவரை முள்ளைப் பிடுங்காமல் நிழலுக்கு வந்து பிடுங்குங்கள். அடிக்கடி மண்பாதையில் ஓட்டப் போகிறவர்கள் டியூப்லெஸ் டயரில் சீலன்ட் (ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம்) ஊற்றிக்கொள்வது நல்லது. இங்கே அது ஆடம்பரம் இல்லை, அவசியம். வெட்டிய கிளைகள் குவிந்து கிடக்கும் பாதை கண்ணில் பட்டால் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடந்துவிடுங்கள்.

முதல் நாள்: தார்ச்சாலையில் 35 கி.மீ.

புதிதாக வருபவர்கள் இந்தச் சுற்றில் தொடங்கலாம். காரைக்குடியிலிருந்து கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான், அதே வழியாகத் திரும்புவது. போகவர 35 கி.மீ. பக்கம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் நடுவில் நன்றாக நின்று பார்த்தும் பத்தரைக்குள் வந்துவிடலாம். திருமயத்திலிருந்து காரைக்குடி, தேவகோட்டை வழியாக இராமநாதபுரம் போகும் தேசிய நெடுஞ்சாலையைத் தவிர்ப்பதற்காகத்தான் இந்த வழி. நெடுஞ்சாலையில் தூரம் குறையும், ஆனால் பேருந்துக் காற்றில் ஆடிக்கொண்டே போக வேண்டியிருக்கும், நின்று பார்க்கவும் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் முக்கியச் சாலையிலிருந்து உள்ளே ஒரு தெரு திரும்புங்கள். வழி தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம். தெருக்கள் ஒன்றுக்கொன்று இணையாகவும் குறுக்காகவும் கட்டம் போட்டது போல இருக்கும். பல வீடுகள் ஒரு தெருவில் முகப்பைத் தொடங்கி, வளவு (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, அடுத்த தெருவில் பின்வாசலோடு முடிகின்றன. அந்த நீளத்தைச் சைக்கிளில் சுற்றி வரும்போதுதான் ஒரு வீடு எவ்வளவு பெரியது என்று உடம்புக்குப் புரியும். காரில் வருபவர்களுக்கு இது கிடைக்காது. காலை ஏழு மணி வெயில் சாய்வாக விழும்போது உயர்ந்த சுவர்களின் நிழல் தெருவின் பாதியை மூடியிருக்கும், அந்த நிழல் பக்கமாகவே ஓட்டலாம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. அதற்குக் காரணம் தனித்தனி வீடுகளின் அழகு மட்டுமல்ல, கூரையில் விழும் மழை முற்றத்துக்கும் அங்கிருந்து ஊரணிக்கும் போகும்படி ஊரையே அமைத்த திட்டமும்தான் என்பது என் எண்ணம்.

கானாடுகாத்தானில் 1912-ல் கட்டி முடித்த அரண்மனையை வெளியிலிருந்து பாருங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் திண்ணையில் ஏறிப் படம் எடுப்பதற்கு முன் பக்கத்தில் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் காவலுக்கு ஒருவர் இருப்பார், முறையாகக் கேட்டால் முகம் கோணாமல் சம்மதிப்பார். கால் தெம்பாக இருந்தால் அங்கிருந்து ஊர்ச்சாலையில் ஆத்தங்குடிக்குப் போகலாம். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் சிமெண்டும் மணலும் இட்டு, ஒவ்வொன்றாகக் கையால் தரைக்கல் செய்வதை அங்கே பட்டறைகளில் நேரில் பார்க்கலாம். கல்லின் முகம் பளபளப்பது அந்தக் கண்ணாடியால்தான், சூளையில் சுடுவதே இல்லை.

இரண்டாம் நாள்: செம்மண்

மண்பாதை என்றதும் காட்டுக்குள் போவது என்று நினைக்க வேண்டாம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் இடையில் சங்கரபதிப் பக்கம் காடு இருக்கிறது, ஆனால் வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே நுழையக் கூடாது. நமக்கான பாதைகள் ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருக்கின்றன: வண்டிப்பாதை, கண்மாய்க் கரை, கோயிலுக்கு நடந்து போகும் தடம்.

கண்மாய்க் கரையில் ஓட்டுவதற்கு ஈடு இந்த வட்டாரத்தில் வேறில்லை. வில் போல வளைந்து போகும் கரை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்வாக வயல். கரையில் நிற்கும் பனைகளின் நடுவே நாரைகளும் நீர்க்காகங்களும் எழும்பிப் பறக்கும். மடை இருக்கும் இடத்தில் கரை குறுகும், இறங்கி நடந்து கடந்துவிடுங்கள். கலுங்கில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தால், கணுக்கால் அளவுதான் என்றாலும், அதன் மேல் ஓட்டாதீர்கள். பாசி பிடித்த கல்லில் எந்த டயரும் நிற்காது. மழைக்காலத்தில் கரையே இளகியிருக்கும், சக்கரத் தடம் நீர் அரிக்கும் வாய்க்காலாக மாறிவிடும். அப்போது கரையை விட்டுவிட்டுச் சாலையில் போவதுதான் ஊருக்கு நாம் செய்யும் மரியாதை.

பாதை தேட இணைய வரைபடத்தை மட்டும் நம்ப வேண்டாம். அதில் தெரியும் கோடு சில சமயம் யாரோ ஒருவரின் கடலைக் கொல்லையில் போய் முடியும். ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள். "அண்ணே, இங்கிட்டுப் போனா வேலங்குடி போயிரலாமா?" என்று கேட்டால், எங்கே வாய்க்கால் உடைந்திருக்கிறது, எங்கே முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பதுவரை சொல்வார். தூரத்தை மட்டும் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். "இந்தா, பக்கந்தான்" என்பது ஒரு கிலோமீட்டராகவும் இருக்கும், ஐந்தாகவும் இருக்கும்.

செல்ல வேண்டிய இடம் என்று ஒன்று வேண்டுமானால் நகரத்தாரின் ஒன்பது கோயில்களை வைத்துக்கொள்ளுங்கள்: இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. எல்லாம் காரைக்குடியைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்று வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு கோயிலுக்குள் நிற்கக்கூட அவர்களுக்குக் கால் இருப்பதில்லை. ஒரு காலைக்கு இரண்டு கோயில் போதும். மாத்தூரும் இலுப்பைக்குடியும் ஒன்றுக்கொன்று பக்கம், முதல் முறை அவற்றையே எடுத்துக்கொள்ளலாம். மேற்கே குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும் காரைக்குடியிலிருந்து 13 கி.மீ.க்குள். குன்றக்குடிப் பக்கம் காலையில் மயில்கள் சாலையின் குறுக்கே திடீரென்று நடக்கும், கை பிரேக்கிலேயே இருக்கட்டும். கோயில்கள் பெரும்பாலும் மதியம் நடை சாத்தி மாலை நான்குக்குத்தான் திறக்கும். பையில் ஒரு மெல்லிய வேட்டியோ சுடிதாரோ வைத்துக்கொண்டால் சைக்கிள் உடையோடு உள்ளே போகும் சங்கடம் இல்லை.

ஊருக்குள் நடந்துகொள்ளும் விதம்

ஊரணிகளில் குடிக்கிற ஊரணி என்று ஒன்று தனியாக இருக்கும். அதில் கால் நனைக்கக் கூடாது, சைக்கிள் கழுவுவது பற்றிப் பேசவே வேண்டாம். எது எது என்று தெரியாவிட்டால் படியில் உட்காருவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அறுவடைக் காலத்தில் சாலையில் நெல் காயும், கதிர் பரப்பியிருப்பார்கள். நெல்லின் மேல் ஓட்டுவது அடுத்தவர் சோற்றில் ஓட்டுவது. வைக்கோலின் மேல் ஓட்டினால் அது கியரில் சுற்றிக்கொண்டு, கியர் மாற்றும் டீரெய்லியரையே முறித்துவிடும். இரண்டுக்கும் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே வழி. நாய் துரத்தினால் மிதித்து ஓடாமல், இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். நாலு எட்டில் அதற்கு ஆர்வம் போய்விடும்.

பெண்கள் தனியாக ஓட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். பகலில், ஊர்ச்சாலைகளில், தாராளமாக ஓட்டலாம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி எனும் எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. ஆயிரக்கணக்கான பெண்கள், கல் உடைப்பவர்களும் வயல்வேலை செய்பவர்களும், அப்போது சைக்கிள் ஏறினார்கள். இன்று உங்களை நிறுத்தி "இது என்ன விலை, எத்தனை கியர்?" என்று கேட்கும் அறுபது வயது அக்கா அந்தத் தலைமுறையாக இருக்கலாம். நின்று பதில் சொல்லுங்கள், ஓட்டிப் பார்க்கக் கேட்டால் சீட்டை இறக்கிக் கொடுங்கள்.

சாப்பாடு பற்றிக் கவலையே இல்லை. கிளம்புவதற்கு முன் இரண்டு இட்லி, வழியில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும். வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும் திரும்பி வந்த பிறகு. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு வெயிலில் மிதித்தால் வயிறு ஒத்துழைக்காது. மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கோடையில் முக்கால் லிட்டர். நுங்கும் இளநீரும் கிடைக்கும் இடத்தில் விடாதீர்கள்.

வந்து சேர்வதும், மூன்றாவது நாளும்

சென்னையிலிருந்து வருபவர்களுக்குப் பல்லவன் விரைவு ரயில் காரைக்குடி வரை வருகிறது. சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பி, அட்டையும் சாக்கும் சுற்றிக் கொடுங்கள். கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் பார்சலுக்குக் காரைக்குடி சந்திப்புதான் சரி. திருச்சியிலிருந்து சைக்கிளிலேயே வரலாம் என்றால் 90 கி.மீ. பக்கம், புதுக்கோட்டையில் ஒரு இரவு தங்கி வருவது புதியவர்களுக்கு நல்லது.

மூன்றாவது நாள் மிச்சம் இருந்தால் திருமயம். கானாடுகாத்தானிலிருந்து கடியாபட்டி வழியாக ஊர்ச்சாலைகளிலேயே போய்விடலாம், காரைக்குடியிலிருந்து போகவர 60 கி.மீ. அளவில் வரும். 1687-ல் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை அங்கே பாறை மேல் நிற்கிறது, அடிவாரத்தில் சிவனுக்கும் பெருமாளுக்கும் பக்கத்தில் பக்கத்திலேயே குடைவரைக் கோயில்கள். சைக்கிளைக் கோட்டை வாசலில் பூட்டிவிட்டு, பாறை சூடேறும் முன் மேலே ஏறிவிடுங்கள். பெடலில் மாட்டும் கிளீட் வைத்த காலணியோடு அந்தப் பாறையில் ஏற முடியாது, பையில் ஒரு ரப்பர் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.